அரைப்பேர் கட்டத்தை எடுக்காதே

அன்புள்ள பாப்பாவுக்கு,

நம்ம தேயிலைத் தோட்டத்துக் கொழுந்து பறிப்பை வைத்து நீ செய்த விளையாட்டை அச்சடித்து விற்கலாமா என்று போனில் அவ்வளவு ஆசையாகக் கேட்டும் நான் "பார்ப்போம்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன் என்று உனக்கு மனவருத்தமாம், அம்மா சொன்னாள். காசுக் கணக்கெல்லாம் போனில் பேச எனக்கு வராது, உனக்குத் தெரியும்தானே. எழுதினால்தான் ஓடும். ஆறுதலாக உட்கார்ந்து படி.

விற்கலாமா என்றால் தாராளமாக விற்கலாம். சின்ன வயதில் நீ கலண்டர் தாளின் பின்பக்கத்தில் கீறிய கொழுந்து விளையாட்டைத் தம்பியும் மேல் லயத்துப் பிள்ளைகளும் இன்றைக்கும் விளையாடுகிறார்கள். மடிப்பெல்லாம் கிழிந்து, டேப் மேல் டேப் ஒட்டி, சில கட்டங்களில் என்ன எழுதியிருக்கிறது என்றே தெரியவில்லை. அப்படியும் விடுவதாக இல்லை. கடையில் வாங்கிக் கொடுத்த லூடோ அலுமாரிக்கு மேலே தூசி பிடித்துக் கிடக்கிறது.

ஆனால் உன் விளையாட்டை வாங்கி விற்கக் கேட்கிற அந்தக் கொழும்புக் கம்பெனி உனக்கு அனுப்பிய மாதிரிப் படம் இருக்கிறதே, அதைத் தம்பி பெரிதாக்கிக் காட்டினான். அழகாகத்தான் இருக்கிறது. பங்களா, பூந்தோட்டம், ரயில், ஒன்பது வளைவுப் பாலம். (அந்தப் பாலம் எல்லவுக்கும் தெமோதரைக்கும் நடுவில் இருப்பது. ஹட்டனில் ரயில் ஏறினால் போய்ச் சேர அரைநாள் ஆகும். நம்ம மலைக்குள் எப்படி வந்ததோ!) இரத்தம் குடிக்கிற அட்டை இல்லை, குளவி இல்லை, தண்ணிக் கழிவு இல்லை. நீ சிவப்புப் பென்சிலால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், என்று எழுதியிருந்த கட்டத்தில் ஒரு தேத்தண்ணிக் கோப்பையைப் போட்டு, "சற்று இளைப்பாறுங்கள்" என்று எழுதியிருக்கிறார்கள்.

அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. தோட்டத்துப் பாசத்தில் சொல்கிறேன் என்று நினைக்காதே. பிரஸ்ஸில் இருந்தவன், விற்கிற சாமானைப் பற்றித்தான் பேசுகிறேன். அந்தக் கட்டத்தை எடுத்தால் விளையாட்டு ஓடாது.

ஏன் என்று பார். விதியெல்லாம் அம்மாயி சொல்லச் சொல்ல நீ எழுதியது. காலையில் எல்லாரும் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்களத்தில் நிற்கவேண்டும். மலைக்கு ஏறி, மூன்று நிறுவைக்கும் கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்கு வந்து, அந்தியில் கணக்குப் பார்க்கும்போது 18 கிலோ இருந்தால் முழுப்பேர், முழுநாள் சம்பளம். 17 என்றாலும் அரைப்பேர்தான். மழைக் கட்டத்தில் நின்றவர் அடுத்த நிறுவையில், கொழுந்து நனைந்ததற்குத் தண்ணிக் கழிவு என்று ஒரு கிலோ விடவேண்டும். குளவிக் கட்டத்தை மிதித்தால், மிதித்தவர் மட்டும் இல்லை, முன்னும் பின்னும் மூன்று கட்டத்துக்குள் நிற்கிற எல்லாரும் எடுத்த கொழுந்தைப் போட்டுவிட்டு ஓடவேண்டும். "கூடையப் போட்டுட்டுத்தான் ஓடணும், கூடையோட ஓடுனா எங்க தப்பிக்கிறது" என்று அம்மாயி சொன்னதைக் கட்டத்துக்குள் எழுத இடம் போதாமல் ஓரத்தில் நுணுக்கி நுணுக்கி எழுதியிருக்கிறாய். எழுத்துப் பிழையோடு அதை அப்படியே அச்சில் போடவேண்டும் என்பது என் ஆசை.

இதில் கெட்டிக்கார விதி மேல்கிலோ விதி. 18க்கு மேலே எடுத்தவருக்கு இரண்டு வழி. மேல்கிலோவுக்குக் காசு வாங்கிக்கொள்ளலாம். இல்லாவிட்டால் பக்கத்தில் 16, 17 என்று வைத்துக்கொண்டு முழிக்கிறவருக்குக் கொடுத்து முழுப்பேர் போட வைக்கலாம். வாங்கியவர் மறுநாள் திருப்பித் தரவேண்டும் என்று பேச்சு. தராவிட்டால் தண்டனை ஒன்றும் இல்லை. அடுத்த தடவை யாரும் தரமாட்டார்கள், அவ்வளவுதான்.

டைஸ் உருட்டிக் காய் நகர்த்துகிற விளையாட்டுகளில் பெரும்பாலும் யோசிக்க ஒன்றும் இருக்காது. பரமபதத்தில் நம் கையில் என்ன இருக்கிறது? ஏணி வந்தால் ஏறு, பாம்பு வந்தால் இறங்கு. உன் விளையாட்டில் மட்டும் அந்தி நிறுவையில் எல்லாரும் டைஸைக் கீழே வைத்துவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். போன கிழமை ஒரே ஒரு கிலோவுக்காகத் தம்பி பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் கெஞ்சிய கெஞ்சலை நீ கேட்டிருக்கவேண்டும். "அக்கா, நாளைக்கு ரெண்டா தாரேன்" என்கிறான். அவள் அசையவே இல்லை. முந்தின நாள் வாங்கியதை அவன் திருப்பித் தரவில்லையாம். அரைப்பேர் என்று ஒன்று இருப்பதால்தானே இந்தக் கெஞ்சல்? அதை எடுத்துவிட்டுத் தேத்தண்ணி கொடுத்தால் 17க்கும் 18க்கும் என்ன வித்தியாசம், யார் யாரிடம் கேட்கப் போகிறார்கள்? மிஞ்சுவது இன்னொரு லூடோ.

சோகமாக இருக்கிறது, வெளிநாட்டுக்காரர் வாங்கமாட்டார்கள் என்று கம்பெனிக்காரர் சொன்னதாகச் சொன்னாய். சோகமா? பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தல்லவா விளையாடுகிறார்கள்.

எதையும் மாற்றக்கூடாது என்று நான் சொல்லவில்லை. மாற்றவேண்டியது வேறு. முதலாவது நேரம். உன் பாதையில் 60 கட்டம். ஒரு டைஸ் உருட்டினால் சராசரி மூன்றரை, அப்படியென்றால் ஒருவர் ஒரு நாள் வேலையை முடிக்க 17, 18 தடவை உருட்டவேண்டும். நாலு பேருக்கு 70 தடவை. தடவைக்கு அரை நிமிடம் போட்டாலும் 35 நிமிடம். நீ வைத்திருப்பது ஆறு நாள் வேலை, மூன்றரை மணித்தியாலம்! பள்ளிக்கூட லீவில் மழை பெய்துகொண்டிருந்தால் சரி, காசு கொடுத்து வாங்குகிறவர் அவ்வளவு நேரம் உட்காரமாட்டார். இரண்டு டைஸ் கொடுத்தால் சராசரி 7 ஆகும். நிறுவையில் கட்டாயம் நிற்பதையும் சேர்த்து 10 தடவையில் ஒரு நாள் முடியும். நாலு பேருக்கு 20 நிமிடம். மூன்று நாள் விளையாடினால் ஒரு மணித்தியாலம். அதற்குக் கீழே குறைக்காதே, கடன் திரும்பி வருகிறதா என்று பார்க்க நாள் வேண்டும்.

இரண்டு டைஸ் போட்டால் நிற்கிற கட்டங்கள் பாதியாகும். அதனால் கட்டங்களில் எழுதியிருக்கிற கிலோவை ஏறக்குறைய இரட்டிப்பாக்கு, இல்லாவிட்டால் எல்லாருக்கும் தினமும் அரைப்பேர்தான். இன்னொரு விஷயம், இரண்டு டைஸ் விழுகிற 36 விதத்தில் 7 ஆறு விதமாக வரும். 2ம் 12ம் ஒவ்வொரு விதம்தான். நிறுவையிலிருந்துதான் எல்லாரும் திரும்பப் புறப்படுகிறார்கள், ஆகவே நிறுவைக்கு அப்புறம் ஏழாவது கட்டத்தில் குளவியை வைத்தால் அடிக்கடி கலையும். பகல் நிறுவைக்குப் பிறகு மட்டும் அங்கே வை. அட்டையை எங்கே வேண்டுமானாலும் வை, அது எங்கேயும் இருக்கும்.

இதையெல்லாம் முடித்த பிறகு, நம்ம பக்கமே தெரியாத நாலு பேரிடம் விதித்தாளை மட்டும் கொடுத்துவிட்டு நீ வாயைத் திறக்காமல் பக்கத்தில் உட்கார். உனக்கு அது கஷ்டம், தெரியும். அவர்கள் எந்த இடத்தில் நின்று முழிக்கிறார்களோ அந்த வரியைத் திருத்தி எழுது. தமிழ், சிங்களம், இங்கிலீஷ் மூன்றிலும் விதித்தாள் வேண்டும்.

ஒவ்வொரு கிலோவுக்கும் அடையாளமாக நீ தேயிலைக் கொட்டை வைத்திருந்தாய். விற்கிற பெட்டியில் அது சரிவராது. இந்தப் பனியில் பூஞ்சணம் பிடிக்கும், வெளிநாட்டுக்கு அனுப்பினால் கொட்டை, விதை என்று சுங்கத்தில் தடுத்து வைப்பார்கள். மட்டையில் வட்டம் வட்டமாக வெட்டிக்கொள்ளலாம். வெட்டுகிற அச்சுக்கு ஒருமுறைதான் செலவு. சின்னச் சாமான் என்பதால் மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு ஆகாது என்று பெட்டியில் போடு.

பலகைதான் என் தொழில், அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஏ2 தாளில் 42 சென்டிமீற்றர் சதுரம் வரும். நாலாக மடித்தால் 21, பெட்டியும் கைக்கு அடக்கமாக இருக்கும். 2 மில்லிமீற்றர் கிரே போர்ட் மட்டையில் அச்சுத்தாளை ஒட்டவேண்டும். அரைகுறைப் பிரஸ்காரர்கள் முன்பக்கம் மட்டும் ஒட்டிக் கொடுப்பார்கள். அன்றைக்கு நேராகத்தான் இருக்கும். பசை காயும்போது தாள் சுருங்கி மட்டையை இழுக்கும், ஒரு கிழமையில் பலகை அப்பளம் போல வளைந்துவிடும். பின்பக்கமும் ஒரு தாள் ஒட்டினால்தான் இரண்டு பக்க இழுப்பும் சமமாகும். இரண்டு தாளிலும் நார் ஓடுகிற திசை ஒன்றாக இருக்கவேண்டும். மடிப்பில் தாளை நம்பாதே, துணி டேப் போடச் சொல். விலை கேட்கும்போது இந்த மூன்றையும் நீயே முதலில் சொல்லிவிட்டால் உன்னை ஏமாற்றமாட்டார்கள்.

ஓப்செட்டில் நாலு நிறத்துக்கு நாலு பிளேட். 100 அடித்தாலும் 1,000 அடித்தாலும் பிளேட் காசு ஒன்றுதான், அதனால் 1,000 அடித்தால் ஒன்றின் விலை மளமளவென்று இறங்கும். அந்த ஆசையில் விழுந்து வீடு முழுக்கப் பெட்டி அடுக்கி வைத்தவர்களை எனக்குத் தெரியும். முதலில் டிஜிட்டலில் 100 அடி. கணக்குக்காக ஒரு பெட்டிக்கு 900 ரூபாய் ஆகிறது என்று வை. கடைக்காரர் நூற்றுக்கு 30 கேட்டால், 1,800க்கு விற்கிற பெட்டியில் உன் கைக்கு 1,260 வரும். மிச்சம் 360. பஸ் கூலி, நசுங்கிய பெட்டி, கடனுக்குக் கொடுத்துத் திரும்பாத காசு எல்லாம் அதற்குள் அடங்கவேண்டும். முதல் 100ல் லாபம் பார்க்காதே.

தோட்டத்தில் 1,800 கொடுத்து வாங்குவார்களா? மாட்டார்கள். அவர்களுக்குப் பெட்டி இல்லாமல், கெட்டித் தாளில் பலகையும் விதியும் அடித்து பொலித்தீன் கவரில் போட்டு மலிவாகக் கொடுக்கலாம். தீபாவளி அட்வான்ஸ் கிடைக்கிற கிழமையில் ஹட்டன் டவுனில் நிற்க இடம் இருக்காது. பிள்ளைகளுக்கு உடுப்பு வாங்குகிற கையோடு இதையும் வாங்குவார்கள். பெட்டி போட்டது கொழும்பிலும், ஏப்ரல் சீசனில் நுவரெலியாவிலும் போகும். பெரிய சுப்பர்மார்க்கெட்டில் வைக்கவேண்டுமென்றால் பார்கோட் கேட்பார்கள். அதை இப்போது விடு.

இனி கம்பெனி கேட்கிற அந்த ஒப்பந்தம். மொத்தமாக ஒரு தொகை, அதற்குப் பிறகு படம், பெயர், விதி எல்லாம் அவர்களுக்கு. கையெழுத்துப் போடாதே. நம்ம நாட்டில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இருக்கிறது. லேபல் வேலைகளுக்காக நான் அதைப் புரட்டிப் பார்த்திருக்கிறேன். விளையாடுகிற முறைக்குப் பேட்டன்ட் கிடையாது, குளவி வந்தால் ஓடவேண்டும் என்கிற யோசனையை யாரும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் நீ கீறிய படமும் எழுதிய விதித்தாளும், கீறிய அன்றிலிருந்தே உன்னுடையவை. அதற்குப் பதிவு தேவையில்லை. பெயரை மட்டும் கொழும்பில் புலமைச் சொத்து அலுவலகத்தில் வியாபாரக் குறியாகப் பதியவேண்டும். பத்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கலாம். கம்பெனிக்கு உண்மையிலேயே விருப்பம் என்றால், இத்தனை வருடத்துக்கு அச்சடிக்க அனுமதி, விற்கிற ஒவ்வொன்றிலும் உனக்குச் சதவீதம், விதியை மாற்ற உன்னைக் கேட்கவேண்டும் என்று எழுதட்டும்.

மொனொபொலி கதை உனக்குத் தெரியுமா? அமெரிக்காவில் லிசி மேகி என்ற பெண், நிலத்தை வளைத்துப்போட்டு வாடகை வாங்குவது எப்படி மற்றவர்களை நடுத்தெருவில் விடுகிறது என்று காட்ட ஒரு விளையாட்டுச் செய்து 1904ல் பேட்டன்ட் வாங்கினாள். செல்வம் எல்லாருக்கும் பகிரப்படுகிற மாதிரி இன்னொரு விதியும் வைத்திருந்தாள். 1935ல் பார்க்கர் பிரதர்ஸ் கம்பெனி, அவள் அதைத் திருத்தி 1924ல் வாங்கியிருந்த புதுப் பேட்டன்டை 500 டொலருக்கு வாங்கியது. அவர்கள் உலகமெல்லாம் விற்ற மொனொபொலியில் இருப்பது வளைத்துப்போடுகிற விதி மட்டும்தான். உன் விளையாட்டில் தேத்தண்ணிக் கோப்பை வந்த வேகத்தைப் பார்த்தால் எனக்கு அந்த ஞாபகம்தான் வருகிறது.

அம்மா தன் பங்குக்கு ஐயாயிரம் தருகிறாளாம். சீட்டுக் காசு. உன்னிடம் சொல்லவேண்டாம் என்றாள், சொல்லிவிட்டேன்.

நீ செய்யவேண்டியது, கொழும்பு புறக்கோட்டையில் மொத்தக் கடைகளில் டைஸ் விலை கேள். பெட்டிக்கு இரண்டு வீதம் 200 வேண்டும், உடைசலுக்குக் கொஞ்சம் சேர்த்து எடு. மட்டை விலை நான் இங்கே விசாரிக்கிறேன். தீபாவளிக்குக் கடையில் இருக்கவேண்டுமென்றால் புரட்டாசி பிறக்கும் முன் அச்சுக்குக் கொடுத்தாகவேண்டும், அதைக் கணக்கில் வைத்துக்கொண்டு பதில் போடு.

இப்படிக்கு,
அப்பா