ஆள் உட்காரும் இடம் பரண் ஆகாது

ஆசிரியருக்கு,

தீபாவளி நெருங்கினால் ஜவுளிக்கடை, செருப்புக்கடைகளில் மெசனைன், அதாவது தரைக்கும் கூரைக்கும் நடுவே ஓர் இடைத்தளம், முளைத்துவிடுகிறது. சுவரில் இரும்புச் சேனலை போல்ட் அடித்து, மேலே ப்ளைவுட் பரப்பினால் ஒரு வாரத்தில் இன்னொரு தளம் ரெடி. கேட்டால், "சரக்கு வைக்கிற பரண்தான் சார்." ஏறிப் பார்த்தால் தையல் மெஷின், பில் மேசை, நாலைந்து ஊழியர்கள்.

தேசியக் கட்டட விதித்தொகுப்பு மெசனைனுக்குக் குறைந்தது 2.2 மீட்டர் உயரம் கேட்கிறது. பரப்பு, கட்டடப் பரப்பில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. சிறு அறைகளாகத் தடுக்கவும் கூடாது. இந்தக் கடைசி விதியைத்தான் சர்வசாதாரணமாக மீறுகிறார்கள். ஏசி வீணாகிறதென்று கண்ணாடி போட்டு அடைத்து, உள்ளே கேபின் பிரிக்கிறார்கள். கீழே தீப்பிடித்தது கேபினுக்குள் இருப்பவருக்குப் புகை வந்த பிறகுதான் தெரியும்.

புகை முதலில் தேங்குவது கூரையடியில். மெசனைன் இருப்பதும் அங்கேதான். கீழே நிற்பவர் நடந்து வாசலுக்குப் போகும் நேரத்தில் மேலே கண் தெரியாது. இறங்க இருப்பது இரண்டடி அகல இரும்பு ஏணி ஒன்று. அதன் அடியிலேயே ஈபி போர்டு, இன்வெர்ட்டர், காலி அட்டைப்பெட்டிகள். தீ தொடங்க வாய்ப்புள்ள இடத்துக்கே இறங்கி வர வேண்டும்! 2019-இல் குஜராத்தின் சூரத்தில் தக்ஷசீலா வளாகத் தீயில் 22 பேர் இறந்தபோதும், மேலே இருந்தவர்களுக்கு இறங்க வழியில்லாமல்தான் பலர் மாடியிலிருந்து குதித்தார்கள். அதனால் மெசனைனுக்கு இரண்டாவது படி ஒன்று, முதல் படிக்கு எதிர்க்கோடியில், வாசல் பக்கம் இறங்க வேண்டும். பக்கத்திலேயே இரண்டு படி வைத்துப் பயனில்லை.

"இரும்பு எரியாதே" என்பார்கள். எரியாது, ஆனால் 550 டிகிரி செல்சியஸை ஒட்டி ஏறக்குறைய பாதி வலு போய்விடும். பூச்சு இல்லாத மெல்லிய சேனல் அந்தச் சூட்டைத் தொடக் கால் மணி நேரம் போதும். போல்ட்டைப் பசை ஊற்றிச் சுவரில் பிடிக்கவைக்கும் கெமிக்கல் ஆங்கர் என்றால் அந்தப் பசை அதற்கு வெகு முன்பே இளகும். சூட்டில் பொங்கிக் காக்கும் இன்ட்யூமசன்ட் பெயின்ட் கிடைக்கிறது. ஆனால் பழைய எனாமல் பெயின்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே அடித்தால், சூடேறியதும் தகடாக உரிந்து விழும். கனத்த பீமைவிட மெல்லிய சேனலுக்குத்தான் கூடுதல் கனமான பூச்சு தேவை. கம்பெனி அட்டவணைப்படி அடித்து, காய்ந்தபின் பூச்சின் கனத்தைக் கேஜ் கருவி வைத்து அளந்து வாங்க வேண்டும். "ரெண்டு கோட் அடிச்சாச்சு" என்பதெல்லாம் கணக்கே இல்லை.

கூரையில் ஏற்கெனவே ஸ்பிரிங்க்லர் (தீச்சூட்டில் தானே தண்ணீர் தெளிக்கும் குழாய்) இருந்தாலும் புதுத் தளம் அந்தத் தண்ணீரை மறைத்துவிடும். தளம் 1.2 மீட்டரைவிட அகலமானால் அடியிலும் தனி லைன் இழுக்க வேண்டும். புகை டிடெக்டரும் அப்படியே. மேலே சரக்கு ஸ்பிரிங்க்லர் தலைக்கு அரை மீட்டர் கீழேயே நிற்கட்டும். லைட்டுக்குப் போட்ட 1.5 சதுர மி.மீ. ஒயரில் ஒன்றரை டன் ஏசியை மாட்டி, டிரிப் ஆகிறதென்று பெரிய எம்சிபி (மின்சாரம் மிஞ்சினால் தானே துண்டிக்கும் சுவிட்ச்) போடுவதும் நடக்கிறது. அப்புறம் ஃபியூஸ் மாதிரி ஒயர்தான் எரியும்.

தொழில் உரிமம் புதுப்பிக்கும்போது தரைத்தள வரைபடத்தோடு குறுக்குவெட்டு வரைபடத்தையும் மாநகராட்சி கேட்டு வாங்க வேண்டும். மெசனைனின் உயரம், பரப்பு, படிகள் அதில்தான் தெரியும். பரண் என்று எழுதிக்கொடுத்த இடத்தில் மேசை, நாற்காலி, ஏசி இருந்தால் அதைத் தளமாகவே கணக்கிட வேண்டும்.

இப்படிக்கு,
தீத்தடுப்புப் பொறியாளர்கள் சிலர்,
மதுரை