கூரை கையெழுத்துப் போடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

சமூகவியல் ஆய்வுக்கு ட்ரோன் எவ்வளவு கைகொடுக்கிறது என்று உங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையை இரண்டு தரம் வாசித்தேன். வீடு வீடாக ஏறி இறங்கும் அலைச்சல் மிச்சமாம். மெத்தச் சந்தோசம். எங்கள் திண்ணையில் இருந்து ஒரு பிளேன்டீ குடிப்பது இவ்வளவு அலைச்சல் என்று இத்தனை காலமும் எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

எனக்குச் சம்பூர். போன ஆவணியில் ஒருநாள், பெண்கள் கிணற்றடியில் நின்ற நேரம், தலைக்கு மேல் இரைச்சல். எண்பது கடந்த என் பெரியம்மா "வண்டு வந்திட்டுது" என்று பூட்டப்பிள்ளையையும் இழுத்துக்கொண்டு மாமரத்துக்குக் கீழே குந்திவிட்டா. போர்க்காலத்தில் வேவு விமானத்தை எங்கள் சனம் வண்டு என்றுதான் சொல்லும். 2006இல் அந்த இரைச்சலுக்குப் பிறகு என்ன வந்தது என்று அவவுக்குத் தெரியும்.

ஒழுங்கையில் போய்ப் பார்த்தால் ஆய்வுக்கு வந்த நாலு பொடியன்கள். சிவில் விமானச் சேவைகள் அதிகாரசபையின் அனுமதி இருக்கிறதாம். "அங்கிள், முகம் விழாது, கூரை மட்டும்தான்" என்றார் ஒருவர். கேள்விக்கொத்து என்றால் சம்மதக் கையெழுத்து வாங்குவார்கள். மேலே நின்று எடுத்தால் தேவையில்லைப் போலும். என் மருமகனின் கல்யாணத்துக்குப் படம் பிடிக்க வந்த பொடியன்கூட, "பறக்க விடட்டோ ஐயா?" என்று கேட்டுவிட்டுத்தான் ட்ரோனை எடுத்தான்.

போரில் இடம்பெயர்ந்து கிளிவெட்டி முகாமில் இருந்த காலத்தில் நாங்கள் நிரப்பிக் கொடுத்த படிவங்களுக்குக் கணக்கில்லை. குடும்பத்தில் எத்தனை பேர், எத்தனை மாடு, எத்தனை தென்னை. எழுதிக்கொண்டு போனவர்களில் ஒருவராவது முடிவைக் கொண்டுவந்து காட்டியிருப்பாரா? அனல் மின் நிலையத்துக்கு இது, கைத்தொழில் வலயத்துக்கு இது என்று எங்கள் காணியில் கோடு கீறியவர்களுக்கும் அது வெறும் நிலமாகத்தான் தெரிந்திருக்கும். ஆட்களை முகாமில் வைத்துக்கொண்டு பார்த்தால் வேறு எப்படித் தெரியும்!

இப்போது உங்கள் கட்டுரையாளர், பாவிக்கும் காணி எது, கைவிட்ட காணி எது என்று மேலிருந்தே பிரித்துவிடலாம் என்கிறார். என் வளவுக்கு அடுத்த வளவு முழுக்கப் பற்றைதான். ஆனால் கைவிட்டது அல்ல ஐயா. பிள்ளைகள் கனடாவில். தேங்காய் பொறுக்கி, விற்று, மாதாமாதம் ஃபோனில் கணக்குச் சொல்வது நான். இது எந்தக் கமராவில் விழும்?

ட்ரோனே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. திரும்பி வந்தபோது வீடும் இல்லை, வேலியும் இல்லை. கிணற்றை வைத்துத்தான் வளவைக் கண்டுபிடித்தோம். எல்லைத் தகராறு இன்னும் ஓயவில்லை. பழைய வரம்புகள் மேலிருந்து எடுத்த படத்தில் தெரியக்கூடும்.

ஆகவே கட்டுரையாளரிடம் சொல்லிவிடுங்கள். பறக்க விடுவதற்கு முதல்நாள் விதானையாரிடம் சொல்லி, கோயில் ஒலிபெருக்கியில் ஒரு அறிவித்தல். பிறகு அந்தப் படத்தில் ஒரு பிரதி, எங்கள் வாசிகசாலைக்கு. அதற்குக் கண்ணாடிச் சட்டம் போடுகிற செலவை நானே ஏற்றுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
சம்பூர், திருகோணமலை.