ஒப்புதல் வேண்டுமென்றால் முதல் வரியிலேயே கேள்

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய மெயில் வரைவைப் படித்தேன். வாடிக்கையாளர் பெயரை நீக்கிவிட்டு அனுப்பியிருந்தாய், நல்லது. கணக்கில் குறையே இல்லை. ஆனால் உனக்கு என்ன வேண்டும் என்பது நான்காவது பத்தியில்தான் தெரிகிறது. கடன் வரம்பை உயர்த்த ஒப்புதல், அதுவும் வெள்ளிக்கிழமைக்குள். அதற்கு முன்னால் சந்தை நிலவரம், போன காலாண்டு, நீ தரவு திரட்டப் பட்ட பாடு எல்லாம் வரிசையாக வருகின்றன. உன் மேலதிகாரி இரண்டு மீட்டிங்குக்கு நடுவே போனில்தான் அதைத் திறப்பார். மேலே இருக்கும் இரண்டு வரிதான் கண்ணில் படும். கேட்பதை அங்கே கேட்டுவிடு, காரணம் பின்னால் வரட்டும். சப்ஜெக்டில் 'காலாண்டு அறிக்கை தொடர்பாக' வேண்டாம். 'கடன் வரம்பு உயர்வு: வெள்ளிக்குள் ஒப்புதல் தேவை' என்று போடு.

அப்புறம், 'வட்டி 2 சதவீதம் கூடியிருக்கிறது' என்று எழுதியிருக்கிறாய். 8 சதவீதம் 10 ஆனதா, இல்லை 8-இல் 2 சதவீதம் கூடி 8.16 ஆனதா? இரண்டுக்கும் அந்த வரி பொருந்தும். '8 சதவீதத்திலிருந்து 10 ஆக, அதாவது 200 பேசிஸ் பாயின்ட்' என்றால் குழப்பமே இல்லை; ஒரு பேசிஸ் பாயின்ட் என்பது சதவீதப் புள்ளியில் நூறில் ஒரு பங்கு. தேதியும் அப்படித்தான். 03/04 என்பது அமெரிக்கருக்கு மார்ச் 4, பிரிட்டனில் இருப்பவருக்கு ஏப்ரல் 3. மாதத்தின் பெயரை எழுதிவிடு. தொகைக்குப் பக்கத்தில் வெறும் 'எம்' போடாதே. ஆயிரம் என்று படிப்பவரும் உண்டு, மில்லியன் என்று படிப்பவரும் உண்டு. தணிக்கையிலேயே காலம் தள்ளியவன் சொல்கிறேன், பழைய மெயிலைத் தோண்டி எடுக்கும் நாளில் விளக்கம் சொல்ல நீ பக்கத்தில் இருக்க மாட்டாய்.

வாடிக்கையாளருக்கு எழுதுவதுதான் எனக்குப் பெரிய கவலை. அமெரிக்க முதலீட்டாளர் வாரன் பஃபெட் ஆண்டுதோறும் தன் நிறுவனத்தின் பங்குதாரர்களுக்குக் கடிதம் எழுதிவந்த காலத்தில், தன் சகோதரிகள் டோரிஸிடமும் பெர்ட்டியிடமும் பேசுவதாக நினைத்துக்கொண்டாராம். இருவரும் புத்திசாலிகள், ஆனால் கணக்கியலிலோ நிதித் துறையிலோ நிபுணர்கள் இல்லை என்பார். நீ உன் அத்தையை நினைத்துக்கொள். 'சந்தைச் சூழல் காரணமாக எதிர்பார்த்த பலன் முழுமையாக எட்டப்படவில்லை' என்று அவளுக்கு எழுதுவாயா? 'உங்கள் முதலீடு இந்தக் காலாண்டில் 6 சதவீதம் குறைந்திருக்கிறது. காரணம் இது. அடுத்து நாங்கள் செய்யப்போவது இது' என்றுதானே சொல்வாய்? நஷ்டப்பட்டவருக்கு அந்த எண்ணை நேராகத் தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு. அதை நாலு வாக்கியத்துக்கு அடியில் ஒளித்துவைத்தால், தேடிக் கண்டுபிடித்த பிறகு உன்னை நம்ப மாட்டார். 'நிச்சயம் மீண்டுவிடும்' என்று ஆறுதலுக்காகக்கூட எழுதிவிடாதே. உன்னால் தர முடியாத வாக்கு அது.

கோபத்தில் எழுதியதை மட்டும் அன்றைக்கே அனுப்பாதே. முகவரியைக் கடைசியில் போடும் பழக்கம் இருந்தால் கை தவறியும் போகாது.

சரி, இதையெல்லாம் வைத்து வரைவைத் திருத்தி நாளைக்குள் அனுப்பு. படித்துவிட்டு ராத்திரி கூப்பிடுகிறேன். வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே அம்மா.

அன்புடன்,
அப்பா