கேபிள் வாங்குவதற்கு முன்னால்

மாப்ள,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு முட்டி வலி குறைந்திருக்கிறது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே கிருஷ்ணகிரியில் மாங்காய் சீசன் முடிகிற நேரம், மண்டிப் பக்கம் லாரிக் கூட்டம் குறைந்துவிட்டது. ஆடியில் முகூர்த்தம் கிடையாது, எனக்கும் வேலை இல்லை. உன் தர்மபுரி மண்டபத்துக்கு வயரிங் இழுக்க இதுதான் நல்ல மாதம்.

மேடையிலிருந்து கன்ட்ரோல் ரூமுக்கு 60 மீட்டர் என்று எழுதியிருக்கிறாய். அவ்வளவு தூரத்துக்கு சாதாரண எச்டிஎம்ஐ கேபிளை நம்பாதே, எஸ்டிஐ போடு, டிவி ஸ்டுடியோக்காரர்கள் டிஜிட்டல் வீடியோவை ஒற்றைக் கேபிளில் அனுப்புகிற முறை அது. ஒரு வரி விட்டு ஒரு வரியாக அனுப்புகிற 1080ஐ படத்துக்கு நொடிக்கு 1.485 கிகாபிட் தகவல் போக வேண்டும், நொடிக்கு 50 முழுப் படம் அனுப்புகிற 1080பி 50 என்றால் 2.97. பெல்டன் 1694ஏ மாதிரி ஆர்ஜி-6 (டிஷ் கேபிள் அளவு) பருமன் உள்ள வீடியோ கேபிளில் முதலாவது 100 மீட்டர் வரைக்கும், இரண்டாவது 70 வரைக்கும் பயமில்லாமல் போகும். மெல்லிசான ஆர்ஜி-59 எடுத்தால் தூரம் குறையும். டிஷ் கேபிள் மீதி இருக்கிறது, அதையே போடலாமா என்று கேட்டாய். வேண்டாம்டா. அதில் பலதில் நடுக்கம்பி செம்பு முலாம் பூசிய இரும்பு, எஸ்டிஐக்கு முழுச் செம்புதான் வேண்டும்.

ஆனால் கேபிளைவிட எனக்கு அதன் முனையில் மாட்டுகிற, திருகிப் பூட்டும் பிஎன்சி கனெக்டரைப் பற்றித்தான் கவலை. போன தையில் ஒரு கல்யாணம், காலையிலிருந்து படம் கண்ணாடி மாதிரி ஓடியது, தாலி கட்டுகிற நேரம் பார்த்து எல்இடி திரையில் வெள்ளைப் புள்ளிகள் தெறித்து, அப்புறம் ஒரேயடியாகக் கறுத்துவிட்டது. பெண்ணின் பாட்டி நடக்க முடியாமல் பின்வரிசையில் உட்கார்ந்து அந்தத் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. டிஜிட்டலில் இப்படித்தான், விளிம்பு வரைக்கும் ஒரு குறையும் தெரியாது, விளிம்பைத் தாண்டினால் ஒன்றுமே இருக்காது. பிரித்துப் பார்த்தால் அவசரத்துக்கு வாங்கிய ஒரு முனை 50 ஓம். ஓம் என்று இங்கே சொல்வது சிக்னலுக்குக் கேபிளும் கனெக்டரும் காட்டுகிற மின்மறுப்பு (இம்பிடன்ஸ்). கேபிள் 75 ஓம், எல்லாம் 75 ஓமாகத்தான் இருக்க வேண்டும். 2.97 கிகாபிட் சிக்னலின் அலை கேபிளுக்குள் ஒரு சாண்கூட நீளமில்லை, அதில் இரண்டு விரற்கடை கனெக்டர் தப்பாக இருந்தாலும் சிக்னல் மோதித் திரும்பும்.

வாங்கும்போது முனையை வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பார். நடு ஊசியைச் சுற்றி வெள்ளை பிளாஸ்டிக் நிறைந்து நின்றால் பெரும்பாலும் அது 50 ஓம். 75 ஓமில் அந்த இடம் காலியாகவோ, பிளாஸ்டிக் குறைவாகவோ இருக்கும். அப்புறம், ஆர்ஜி-6க்கு என்று மட்டும் கேட்காமல் கேபிள் நம்பரையே சொல்லி வாங்கு, ஊசித் துளையும், கனெக்டரைக் கேபிளோடு நெரித்துப் பிடிக்கிற கிரிம்ப் வளையமும் கேபிளுக்குக் கேபிள் மாறும். கையில் ஒரு துண்டுக் கேபிளும் கொண்டு போ. பின்னல் கம்பியில் ஒரே ஒரு இழை நடுக்கம்பியைத் தொட்டாலும் போச்சு, அதனால் கேபிள் உறையைச் சீவுவதற்கு பிளேடு வேண்டாம், அதற்கென்றே இருக்கிற ஸ்ட்ரிப்பர் வாங்கிக்கொள்.

மூலையில் மடக்காதே, 7 மில்லிமீட்டர் கேபிளுக்கு 7 சென்டிமீட்டர் ஆரமாவது விட்டு வளை. கேபிள் டையை (கட்டுகிற பிளாஸ்டிக் பட்டை) நெரித்துக் கட்டாதே. பின்னால் நொடிக்கு 50 படம் ஓடுகிற 4கே ஆசை வந்தால் 11.88 கிகாபிட் போக வேண்டும், அதற்கு இந்த 60 மீட்டர் இழுபறிதான். ஃபைபர் (ஒளியிழை) கேபிள் நுழைகிற அளவுக்குப் பைப்பை இப்போதே பெரிதாகப் போட்டுவிடு.

பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக்கு அடுத்த வாரம் போகிறேன். தூண், வளைவு எல்லாம் சேர்த்துக் கயிறு பிடித்து அளந்து அனுப்பு, வாங்கி வருகிறேன். கிரிம்பிங் டூல் என்னிடமே இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்தால் இரண்டு பேரும் சேர்ந்து எல்லா முனையும் அடித்துவிடலாம். அம்மாவிடம் களியும் கீரையும் சொல்லி வை.

உன் மாப்ள