பாட்டுப் புத்தகத்தை மீட்டுத் தந்தவர்களுக்கு

யங்கோன், பகோ, மோல்மேன் தமிழ்ச் சொந்தங்களுக்கு வணக்கம்.

நம் ஞாயிறு வகுப்பின் பாட்டுப் புத்தகம் எந்த நிலைக்குப் போயிருந்தது என்பது உங்களுக்கெல்லாம் தெரியும். மின்னூலாக்கப் போனபோது எழுத்தெல்லாம் உடைந்து கிடந்தது; அதற்கு மேல் திரும்பச் சொல்லப் போவதில்லை. நேற்று இரவு பிள்ளைகளின் போனில் அது எழுத்துப் பிசகாமல் திறந்தது. இன்னும் மனம் அடங்கவில்லை, எழுத உட்கார்ந்துவிட்டேன்.

பழைய அச்சுப் பிரதிகளைத் தேடி அனுப்பியவர்கள், மெய்ப்புப் பார்த்த அக்காமார், கரண்ட் போனபோதெல்லாம் ஜெனரேட்டர் போட்டுக் கொடுத்த கோயில் நிர்வாகத்தார் எல்லோருக்கும் நன்றி. ஆனால் ஒருவரைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும்.

ஜெராக்ஸ் கடைத் தம்பி. பர்மியர், தமிழில் ஓர் எழுத்தும் அறியாதவர். பிடிஎஃப்பிலிருந்து மாற்றிய பக்கத்தில் கொம்பு ஓரிடம், எழுத்து ஓரிடம், பாட்டு வரிகள் பாதியில் உடைந்து கிடந்தன. பார்த்ததுமே, "ஆன்டி, இது எங்க ஜாவ்ஜி மாதிரிதானே?" என்று பர்மியத்தில் கேட்டார். 2019 அக்டோபரில் மியன்மார் ஜாவ்ஜி என்ற பழைய பர்மிய எழுத்துருவை விட்டு, உலகப் பொது எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு மாறியபோது பர்மிய எழுத்து பட்ட பாட்டை நாமும் பார்த்தோமே. பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த தமிழுக்கும் அதே நோய்தான் என்று அவருக்குப் பிடிபட்டுவிட்டது.

பிடிஎஃப்பில் எந்த எழுத்து எங்கே நிற்கிறது என்பதுதான் இருக்கும், பத்தி எது தலைப்பு எது என்று பெரும்பாலும் இருக்காது, மூல வேர்ட் கோப்பைக் கொண்டு வாருங்கள் என்றார். முதலில் பாமினியை யூனிகோடாக்கினோம். அப்புறம் ஸ்பேஸ் தட்டித் தள்ளியிருந்த வரிகளையும் தலைப்புகளையும் தலைப்பு, பத்தி என்று குறித்து வைக்கும் வேர்ட் ஸ்டைலுக்குள் கொண்டு வந்தார். அதற்குப் பிறகுதான் காலிபர் என்ற மின்னூல் மென்பொருளைத் திறந்து, இபப் என்ற மின்னூல் வடிவத்துக்கு மாற்றினார். தமிழ் எழுத்துரு இல்லாத கருவியில் கட்டம் கட்டமாகத் தெரியக்கூடாது என்று நோட்டோ எழுத்துருவையும் உள்ளேயே பொதித்தார். மோபி என்ற பழைய மின்னூல் வடிவம் வேண்டாம், அமேசானின் கிண்டில் கருவிக்கும் இப்போது இபப்பையே அனுப்பலாம் என்றார்.

இவ்வளவையும் விவரம் தெரிந்த வேறொருவர்கூடச் சொல்லியிருக்கலாம். ஆனால் அச்சுப் பிரதியை அருகில் விரித்து வைத்து, படிக்கத் தெரியாத எழுத்தை வடிவம் வடிவமாக ஒப்பிட்டு, "இங்கே ஒரு புள்ளி குறையுது ஆன்டி" என்று காட்டினாரே, அதற்கு நான் என்ன செய்துவிட முடியும்? காசும் வாங்கவில்லை.

இனி வகுப்புக்கு அடிப்பதையெல்லாம் யூனிகோடிலேயே அடிப்பேன். மூலக் கோப்பின் பிரதி மூன்று ஊரிலும் இருக்கும்படி பார்த்துக்கொள்வேன். இந்த மடலையும் பர்மியத்தில் எழுதி, அந்தத் தம்பி கையில் கொடுக்கப் போகிறேன்.