சாவி கைக்கு வந்த தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதமும் அதோடு நீ அனுப்பிய வரைபடமும் வந்து பதினைந்து நாள் ஆகிறது. பூட்டிக் கிடந்த அந்தப் பழைய அச்சகக் கட்டடத்தின் சாவி உன் கைக்கு வந்துவிட்டது என்ற வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். எத்தனை அலுவலகங்களுக்கு நீ நடந்தாய் என்பது எனக்குத் தெரியும். மனம் நிறைந்திருக்கிறது. ஆனாலும் வரைபடத்தைப் பார்த்ததிலிருந்து ஒரு கலக்கம். பழைய கட்டடத்தைக் கலைக்காகத் திறக்க நினைக்கிறவர்களில் பலரும் ஏறத்தாழ இதே வரைபடத்தைத்தான் போடுகிறார்கள். நானும் போட்டேன். அதனால்தான் உனக்கு எழுதுவதை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

கீழே கண்காட்சிக் கூடம், சிறிய மேடை. மாடியில் கலைஞர்கள் மூன்று மாதம் தங்கிப் பணியாற்ற ஆறு ஸ்டுடியோக்கள். மாடிக்குப் பின்புறமாகத் தனிப் படிக்கட்டு, தனிக் கதவு. 'கலைஞர்களுக்குத் தொந்தரவு இருக்கக் கூடாது' என்று அந்தக் கதவுக்குப் பக்கத்தில் உன் கையெழுத்தில் குறிப்பு வேறு. என் கண் அந்தக் கதவிலேயே நின்றுவிட்டது.

நான் முதன்முதலாகப் பொறுப்பேற்றது ஒரு தானியக் கிடங்கு. அங்கேயும் தனிக் கதவு வைத்தோம். முதலில் வந்தவர் ஒரு சிற்பி. கைத்திறனும் பொறுமையும் ஒருசேர வாய்த்தவர். கிடங்கின் தூண்களில் வெவ்வேறு உயரத்தில் செதுக்கப்பட்டிருந்த பிறை போன்ற குறிகள் அவரைப் பிடித்துக்கொண்டன. மூன்று மாதமும் அவற்றையே வரைந்தார், களிமண்ணில் அச்செடுத்தார், அளந்தார். அவை என்னவென்று அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. நிறைவு நாள் கண்காட்சிக்கு அறுபது பேர் வந்தார்கள். எல்லோரும் கலைக்கூடங்களிலிருந்து வந்தவர்கள், ஒருவருக்கொருவர் முன்பே தெரிந்தவர்கள். அடுத்த தெருவிலிருந்து ஒருவர்கூட இல்லை.

விளக்கை அணைக்கும் நேரத்தில் வாசலில் ஒரு முதியவர் நின்றிருந்தார். 'உள்ளே வரலாமா?' என்று கேட்டார். முப்பது ஆண்டுகள் அந்தக் கிடங்கில் மூட்டை அடுக்கியவர். தூணருகே போய் அந்தப் பிறைக் குறியில் கைவைத்து, எந்தத் தானியத்தை எந்த உயரம் வரை அடுக்கலாம் என்பதற்கான அடையாளம் அது என்றார். அதற்கு மேல் ஏற்றினால் அடிமூட்டை சூடேறிக் கெட்டுப்போகுமாம். பெரிய குறிகளைச் செதுக்கியது அவருடைய மேஸ்திரி. சின்னது ஒன்று இவரே செதுக்கியது. சிற்பி அவர் பக்கத்தில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மறுநாள் விடியற்காலை அவருக்கு ரயில். மூன்று மாதம் தேடியது கடைசி இரவில் வாசல்வரை வந்து அனுமதி கேட்டது. அந்த முதியவர் மூன்று மாதமும் அந்த வழியாகத்தான் தினமும் நடந்து போயிருக்கிறார். அவருக்கு நாங்கள் கதவே வைக்கவில்லை.

அன்றிலிருந்து எனக்கு ஒரே எண்ணம்தான். கலைஞர்களைக் கூப்பிடுவதற்கு முன்னால், கட்டடத்தை அறிந்தவர்களைக் கூப்பிட வேண்டும். விழாவுக்குக் கூப்பிடச் சொல்லவில்லை. வந்து உட்கார்ந்து போவதற்கு.

பிரேசிலின் சாவோ பாவ்லோவில் இரும்புப் பீப்பாய் செய்த பழைய தொழிற்சாலை ஒன்றைப் பண்பாட்டு மையமாக மாற்றும் வேலை 1970களில் லினா போ பார்டி என்ற கட்டடக் கலைஞரிடம் வந்தது. இன்று அது செஸ்க் பொம்பேயா. முதல் தடவை போனபோது அவர் கண்டது காங்கிரீட் தூண்களின் அழகை. இன்னொரு முறை ஒரு சனிக்கிழமை போனார். அன்று அங்கே குழந்தைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள், ஒழுகும் கூரையிலிருந்து கொட்டும் மழைநீரில் இளைஞர்கள் பந்து விளையாடினார்கள், தாய்மார்கள் சமைத்துக்கொண்டிருந்தார்கள், ஒரு மூலையில் பொம்மலாட்டம் நடந்தது. இந்த மகிழ்ச்சி இப்படியே தொடர வேண்டும் என்று அவர் முடிவெடுத்தார். தன் அலுவலகத்தையே கட்டுமான இடத்துக்குள் கொண்டுவந்தார். பழைய கொட்டகைகளை இடிக்காமல் நூலகமும் பட்டறைகளும் நாடக அரங்கும் அமைத்தார். 1982இல் திறந்தார்கள். அங்கே கூட்டத்தை வரவழைக்க யாரும் பாடுபடவில்லை, கூட்டம் ஏற்கெனவே இருந்தது. அதை விரட்டாமல் இருந்ததுதான் அவருடைய முதல் வேலை.

உன் அச்சகத்தில் இப்போது கூட்டம் இல்லை என்று சொல்வாய். உண்மைதான், பூட்டியிருந்ததே! ஆறு மாதம் திறந்து வை. வாரத்துக்கு இரண்டு நாள் போதும். வாசலுக்கு உள்ளே நிழலான இடத்தில் நீளமான ஒரு பெஞ்சு, குடிக்கத் தண்ணீர், சுத்தமான கழிப்பறை. கழிப்பறையைச் சாதாரணமாக நினைக்காதே. பெண்களும் முதியவர்களும் ஒரு பொது இடத்தில் எவ்வளவு நேரம் தங்குவார்கள் என்பதை அதுதான் முடிவு செய்கிறது. அங்கே அச்சுக் கோத்தவர்கள், பைண்டிங் செய்தவர்கள், மெய்ப்புப் பார்த்தவர்கள், தாள் கட்டுகளை வண்டியில் ஏற்றியவர்கள் யாராவது அக்கம்பக்கத்தில் இருப்பார்கள். அவர்கள் வந்து, எந்த இயந்திரம் எங்கே நின்றது என்று சொல்லட்டும். அதைத் தரையில் சுண்ணக்கட்டியால் வரைந்துகொள். உன் முதல் கண்காட்சி அந்தக் கோடுகள்தான்.

அச்சகம் என்பதால் உடனே சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. அச்செழுத்து என்பது ஈயம், ஆன்டிமனி, வெள்ளீயம் மூன்றும் கலந்த உலோகம். ஆண்டுக்கணக்கில் உருக்கி வார்த்த இடத்தில், பலகை இடுக்குகளிலும் விட்டங்களின் மேலும் ஈயத் தூசி படிந்திருக்கலாம். குழந்தைகளின் உடலில் ஈயம் சேர்ந்தால் மூளை வளர்ச்சியே பாதிக்கப்படும். தூசியைப் பரிசோதிக்கக் கொடுத்து, முடிவு வரும்வரை ஒரு குழந்தையையும் உள்ளே விடாதே. துடைப்பத்தால் பெருக்கினால் தூசி காற்றில் எழும்பும். முறைப்படி, ஈரத்துணியால் துடைத்து எடுக்க வேண்டும். பெஞ்சு போடுவதற்கும் முந்தைய வேலை இது.

சுவர்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சுவரில் நான் செய்த தவறு இன்னும் உறுத்துகிறது. கண்காட்சிக்குப் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று சுண்ணாம்புக் காரைச் சுவரின் மேல் சிமென்ட் பூசி, பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்தோம். ஓராண்டுகூடத் தாங்கவில்லை. உப்புப் பூத்தது, பூச்சு பொருக்குப் பொருக்காக எழும்பியது, மாட்டியிருந்த ஓவியத் தாள்கள் அலையலையாக நெளிந்தன. பழைய செங்கல் சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். சுண்ணாம்புப் பூச்சு அதை வெளியே ஆவியாக விடும், சிமென்ட் உள்ளேயே அடைத்துவிடும். அடைபட்ட ஓதம் உப்பைச் சுமந்துகொண்டு மேலே ஏறும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடி, சிரமமாக இருந்தாலும். படங்களைச் சுவரில் ஆணியடித்து மாட்டாமல், தனியே நிற்கும் மரப்பலகைகளில் மாட்டு. நாளை வேறு பயன் வந்தால் சுவருக்குச் சிராய்ப்பு இல்லாமல் அப்புறப்படுத்திவிடலாம். நினைவுச் சின்னங்களைப் பற்றிய 1964ஆம் ஆண்டு வெனிஸ் சாசனம், அவற்றைச் சமூகத்துக்குப் பயனுள்ள ஒரு காரியத்துக்கு ஈடுபடுத்துவது பாதுகாப்புக்கு எப்போதும் துணைசெய்யும் என்கிறது. ஆனால் அதற்காகக் கட்டடத்தின் அமைப்பையோ அலங்காரத்தையோ மாற்றக் கூடாது என்றும் சொல்கிறது. இரண்டையும் சேர்த்தே படி.

மாடித் தளம் எவ்வளவு எடை தாங்கும் என்று பொறியாளரிடம் எழுத்தில் வாங்கு. நூறு பேர் உட்கார்ந்திருப்பது வேறு, நூறு பேர் ஒரே தாளத்தில் மிதிப்பது வேறு. மரக் கூரைக்குக் கீழே சூளையும் வெல்டிங்கும் வேண்டவே வேண்டாம்.

இனி கலைஞர்கள். தொந்தரவு இருக்கக் கூடாது என்ற உன் கவலை நியாயமானது. திறந்த கதவு என்று சொல்லிக் கலைஞரை வேடிக்கைப் பொருளாக்கிய இடங்களையும் பார்த்திருக்கிறேன். பாதி வரைந்த படத்துக்கு முன்னால் நின்று 'இது என்ன?' என்று நாள் முழுக்க ஒருவர் மாற்றி ஒருவர் கேட்டால் எந்தக் கையும் நின்றுபோகும். அமெரிக்காவின் அலெக்சாண்ட்ரியா நகரில் டார்பிடோ தொழிற்சாலை ஒன்று இருந்தது. முதல் உலகப் போர் ஓய்ந்த மறுநாள், 1918 நவம்பர் 12 அன்று, அதன் கட்டுமானம் தொடங்கியது. 1974இல் அது கலை மையமானது. கலைஞர்கள் வேலை செய்வதை வருகிறவர்கள் பார்க்கலாம் என்பதே அங்கே அடிப்படை. அந்த ஏற்பாடு எனக்குப் பிடிக்கும், ஆனால் அப்படியே எடுத்துக்கொள்ளாதே. வாரத்தில் இரண்டு பிற்பகல் மட்டும் கதவு திறந்திருக்கட்டும், மற்ற நேரம் கலைஞருக்கே. எல்லோரும் ஏறி இறங்குவது மட்டும் ஒரே படிக்கட்டாக இருக்கட்டும். பின்புறத் தனிக் கதவைத் தீ விபத்து நேரத்தில் வெளியேறும் வழியாக வைத்துக்கொள், அதற்கு அது கட்டாயம் தேவை. படிக்கட்டில் தினமும் பார்க்கும் முகம், ஒரு மாதம் கழித்துப் பேச ஆரம்பிக்கும். எங்கள் தூண்களுக்கு அந்த ஒரு மாதம்தான் கிடைக்கவில்லை.

மூன்றாம் மாத முடிவில் ஒரு படைப்பைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறாய். அந்த வரியை அடித்துவிடு. ரோமில் உள்ள வில்லா மெடிச்சி என்ற பழைய மாளிகையில் 1803 முதல் பிரெஞ்சு அகாடமி இயங்குகிறது. தேர்ந்தெடுத்த கலைஞர்களை அங்கே அனுப்பித் தங்கவைப்பது பெரிய கௌரவம். இசையமைப்பாளர் தெபுசி 1885இல் அப்படிப் போனார். அவருக்கு அந்த இடம் ஒட்டவே இல்லை. அங்கிருந்து அனுப்பிய இசை அகாடமிக்கும் பிடிக்கவில்லை. காலம் முழுவதையும் இருந்து முடிக்காமல் 1887இல் பாரிசுக்குத் திரும்பிவிட்டார். அவருடைய பெரிய படைப்புகள் எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை. வரும் கலைஞரிடம் கண்காட்சி கேட்பதைவிட, அக்கம்பக்கத்தாரோடு நான்கு மாலை உட்காருவாரா என்று கேள். வரைய வேண்டாம், கற்றுத்தர வேண்டாம். தான் என்ன தேடுகிறார் என்று சொன்னால் போதும்.

வருபவரின் பயணம், தங்கல், வேலைக்கான பொருள்கள், கைச்செலவு எல்லாவற்றையும் நீ கொடு. 'இடம் தருகிறோமே' என்று சொல்லாதே. இடம் மட்டும் இருந்தால் வசதியுள்ளவர்கள்தான் வர முடியும். கைக்குழந்தை உள்ளவர்களால் மூன்று மாதம் வீட்டை விட்டு வர இயலாது. அவர்களுக்கு மூன்று வாரமாகப் பிரித்துக் கொடு, குழந்தையோடு வர இடம் ஒதுக்கு. ஆறு ஸ்டுடியோக்களில் இரண்டைப் பக்கத்தில் குடியிருக்கும் கலைஞர்களுக்கே வை. அவர்களுக்குப் படுக்கை தேவையில்லை, வீட்டில் இல்லாத ஒரு மேசையும் கதவும்தான் தேவை. வெளியிலிருந்து வருகிறவருக்கு முதல் நட்பும் அவர்களிடமிருந்தே கிடைக்கும்.

எனக்கு உறக்கம் வராத விஷயத்தைக் கடைசியில் வைத்திருக்கிறேன்: உன் குத்தகை. ஐந்து ஆண்டு என்று எழுதியிருந்தாய். பெர்லினில் டாஹெலெஸ் என்ற பெயரால் அறியப்பட்ட கட்டடம் ஒன்று உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கடைவளாகமாகக் கட்டியது. பாதி இடிந்து, மீதியையும் தகர்க்க இருந்த நிலையில் 1990இல் கலைஞர்கள் உள்ளே புகுந்து காப்பாற்றினார்கள். இருபது ஆண்டுகளுக்கு மேல் ஸ்டுடியோ, நாடகம், திரையிடல் என்று அதற்கு உயிர் கொடுத்தார்கள். சுற்றுவட்டாரத்தின் மதிப்பு ஏறியது. 2012இல் அவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். அதே நகரில் பெத்தானியன் என்ற பத்தொன்பதாம் நூற்றாண்டு மருத்துவமனை 1970இல் மூடப்பட்டபோது, இடிக்கவிடாமல் தடுத்தது மக்களின் எதிர்ப்பு. பிறகு அது கலைஞர் இல்லமாயிற்று. ஃபோன்டானே என்ற எழுத்தாளர் இளமையில் மருந்தாளராக வேலை பார்த்த அறையை இன்றும் அங்கே வைத்திருக்கிறார்கள். நியூயார்க்கில் பெல் தொலைபேசி ஆய்வகக் கட்டடங்கள் 1970இல் வெஸ்ட்பெத் என்ற கலைஞர் குடியிருப்பாயின. லாப நோக்கமற்ற அமைப்பின் கையில் இருப்பதால் ஐம்பது ஆண்டு கடந்தும் குறைந்த வாடகையில் கலைஞர் குடும்பங்கள் அங்கே வாழ்கின்றன.

ஐந்து ஆண்டில் நீ சுவரைச் சரிசெய்வாய், கூரையை மாற்றுவாய், தெருவை நடமாட வைப்பாய். அதன் பிறகு உடைமையாளர் வாடகையை நான்கு மடங்காக்கினால், உன் உழைப்பே உன்னை வெளியே தள்ளும். குறைந்தது இருபது ஆண்டு கேள். நீ செய்யும் பழுதுபார்ப்புச் செலவு வாடகையில் கழிய வேண்டும் என்று எழுதி வாங்கு. விற்பதானால் முதலில் உன் அமைப்பிடம் கேட்க வேண்டும் என்ற பிரிவைச் சேர். இப்போது கேட்கக் கூச்சமாக இருக்கும். கேள். கட்டடம் பாழாகக் கிடக்கும்போதுதான் உடைமையாளர் உன் சொல்லைக் கேட்பார், அழகான பிறகு கேட்கமாட்டார்.

திறப்பு விழாவைத் தள்ளிப்போட்டால் நிதி கொடுப்பவர்கள் முகம் சுளிப்பார்கள் என்று உனக்குப் பயம் இருக்கும். இந்தக் கடிதத்தை அவர்களிடம் காட்டு. பேச வேண்டுமானால் நானே வந்து பேசுகிறேன். அதற்கு முன் தூசிப் பரிசோதனை முடிவு வந்ததும் எழுது. பெஞ்சு போடும் நாளைச் சொன்னால் அன்று காலையே வந்துவிடுவேன். சுண்ணக்கட்டி நான் கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
உன் அக்கா