சிறப்பு நூலகங்களின் தலைமை நூலகர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

ஒரு நிறுவனத்துக்கென்றே இயங்கும் சிறப்பு நூலகத்தில், அந்த நிறுவனத்தில் யாருக்கு என்ன தெரியும் என்று திரட்டி வைப்பது நம் வேலை. நம் குழுவுக்குத் தெரிந்தது எங்கே இருக்கிறது என்று கேட்டால்? இரண்டு மூன்று பேரின் தலைக்குள், அப்புறம் அவர்களுடைய மின்னஞ்சலுக்குள்.

வருபவர்களின் கேள்விகளுக்கு விடை தேடித் தரும் எங்கள் குறிப்புதவி மேசையில் பல ஆண்டுகள் இருந்தவர் ஓய்வு பெற்றார். மூன்றாம் வாரமே ஓர் ஆய்வாளர் வந்து, "போன வருடம் ஒரு பூச்சுப் பொருளைப் பற்றித் தேடித் தந்தீர்களே, அதைப் புதுப்பித்துத் தர முடியுமா?" என்றார். பழைய கட்டுரைப் பட்டியல் கிடைத்தது. எந்தத் தரவுத்தளத்தில், எந்தச் சொற்களைச் சேர்த்து, எவற்றைக் கழித்துத் தேடினார் என்ற குறிப்பு மட்டும் எங்கும் இல்லை. இரண்டு நாள் போனது. கடைசியில் அவரையே தொலைபேசியில் பிடித்தோம். "பழைய கட்டுரைகளில் அதற்கு வேறு பெயர். அதையும் போட்டால்தான் முழுசாக வரும்" என்றார். பத்து வினாடிகூட ஆகவில்லை.

நமக்குத் தெரிந்த எல்லாவற்றையும் நம்மால் சொல்லிவிட முடியாது என்று தத்துவ அறிஞர் மைக்கேல் பொலானி 1966இல் எழுதினார். அறிவு மேலாண்மை, அதாவது நிறுவனத்துக்குள் இருக்கும் அறிவைத் திரட்டிப் பகிர்வது பற்றிப் பேசுபவர்கள் அதை அடிக்கடி மேற்கோள் காட்டுவார்கள். சரிதான். ஆனால் அந்தப் பழைய பெயரை அவரால் தாராளமாகச் சொல்லியிருக்க முடியும். நாங்கள்தான் கேட்கவில்லை.

புது மென்பொருள் வேண்டும் என்று கேட்கவில்லை. எங்களிடமும் எல்லோரும் எழுதித் திருத்தக்கூடிய விக்கித் தளம் ஒன்று இருந்தது. தொடங்கியவரைத் தவிர யாரும் அதில் ஒரு வரி எழுதவில்லை. எழுத நேரமில்லை என்பதைவிட, எழுதினால் அது வேலைக் கணக்கில் வராது என்பதுதான் காரணம். மாத அறிக்கையில் எத்தனை வினாக்களுக்கு விடை தந்தோம் என்றுதானே கேட்கிறீர்கள்?

ஒவ்வொரு பெரிய வினாவும் முடிந்ததும் குறிப்பு எழுதப் பத்து நிமிடம் கொடுங்கள். வந்தவர் கேட்டது என்ன, உண்மையில் அவருக்குத் தேவைப்பட்டது என்ன, தேடல் வாக்கியம் (எந்தச் சொற்களை எப்படிச் சேர்த்துத் தேடினோம்), தேடிய தேதி. முக்கியமாக, எங்கே தேடி ஒன்றும் கிடைக்கவில்லை. பட்டியலில் நூல்களைத் தொகுக்கும் பொருள் தலைப்பு ஒன்றைப் புதிதாக உருவாக்கினால், ஏன் அந்தச் சொல் என்று ஒரு வரி.

அறிவு மேலாண்மைக்கென 2018இல் வந்த ஐஎஸ்ஓ 30401 என்ற பன்னாட்டுத் தரநிலையில் தலைமையின் பொறுப்புக்குத் தனிப் பிரிவே உண்டு. அதனால்தான் இதை ஊழியர்களுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன். அடுத்த மாத அறிக்கைப் படிவத்தில் இந்தக் குறிப்புகளுக்கென்று ஒரு கட்டம் சேருங்கள். முதல் மாதம் அது காலியாகத்தான் வரும். வரட்டும்.

இப்படிக்கு,
குறிப்புதவி மேசையிலிருந்து ஒரு நூலகர்